கட்டற்ற மென்பொருளுக்கு வரைபவரின் கருவி

கட்டற்ற மென்பொருள் என்பது, எந்த நோக்கத்துக்காகவும் இயக்கவும், மூலநிரலைப் படித்துத் தேவைக்கேற்பத் திருத்தவும், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும், திருத்திய வடிவத்தை வெளியிடவும் பயனருக்கு உரிமை தரும் மென்பொருள். விலையின்மை அதன் இலக்கணம் அன்று. இந்த நான்கு உரிமைகளே இலக்கணம். இவற்றைத் தராமல், நிறுவனம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயக்குவதற்கு மட்டும் அனுமதி தருவது தனியுரிமை மென்பொருள். முதல் வகையை உருவாக்குவோர் நிரலாளர் மட்டுமே என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், திரையில் தெரியும் சின்னங்களையும் பின்புலப் படங்களையும், எழுத்துருக்களையும், விளையாட்டுகளின் பாத்திரங்களையும், கையேடுகளின் விளக்கப் படங்களையும், கட்டற்ற உரிமத்தில் வெளிவரும் மின்னூல்களின் அட்டைகளையும் வரைந்து தருபவர்கள் இல்லாமல் எந்தத் திட்டமும் பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்ததில்லை. இவ்வாறு பங்களிக்கும் ஓவியரும் வடிவமைப்பாளரும் தம் பணியையும் கட்டற்ற கருவிகளால் மட்டுமே செய்ய வேண்டுமா, அல்லது ஃபோட்டோஷாப்பில் வரைந்ததைக் கட்டற்ற உரிமத்தில் கொடுத்தாலே போதுமா என்பது அத்திட்டங்களுக்குள் நீண்ட நாளாக இருந்துவரும் கேள்வி.

சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில் இக்கேள்விக்கு நடைமுறைப் பொருள் உண்டு. குரோம்பேட்டையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் அமைந்த ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும் இணைந்து, கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-இல் தொடங்கின. சி-டாக் சென்னை உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் அதுவும் நிறுவப்பட்டிருந்தது. தாம்பரமும் மறைமலை நகரும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாறியது 2019-இல்தான். அதற்குமுன் அவை சேர்ந்திருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெயரால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இயங்கிவருகிறது. கணியம் மின்னிதழ் 2012-இலும், தமிழ் நூல்களை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம் 2013-இலும் தொடங்கின. அந்நூல்களின் அட்டைப்படங்களை வரைந்து தருபவர்களும் தன்னார்வலர்களே.

இப்பகுதியின் ஊடே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் பல்லாவரம் முதல் மறைமலை நகர் வரை டி.டி.பி. மையங்களும், பிளெக்ஸ் பேனர் கடைகளும், திருமண அழைப்பிதழ் அச்சகங்களும் நிறைந்திருக்கின்றன. இங்கு வரைகலை என்றால் ஃபோட்டோஷாப், கோரல்டிரா என்றே பொருள். பயிற்சி நிலையம் கற்பிப்பதும், கடை முதலாளி வேலைக்குச் சேர வருபவரிடம் கேட்பதும், அச்சகம் கோப்பாக வாங்குவதும் அவையே. கட்டற்ற திட்டங்களுக்கு ஒரு சின்னமோ அட்டையோ வரைந்து தர முன்வரும் இளைஞர் இந்தத் தொழிற்சூழலிலிருந்துதான் வருகிறார் என்பதால், ‘கட்டற்ற கருவி மட்டுமே’ என்ற விதி எவரை உள்ளே விடுகிறது, எவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

கண்டிப்பான விதியை ஆதரிப்போரின் வாதம் வெறும் பற்றுறுதியிலிருந்து பிறந்ததன்று. திருத்தும் உரிமை இருந்தும் திருத்துவதற்கு வழி இல்லையென்றால் அந்த உரிமை ஏட்டளவில்தான் நிற்கும் என்பதே அதன் சாரம். ஜி.பி.எல். எனப்படும் பொது மக்கள் உரிமம், மூலநிரல் என்பதற்கு ‘திருத்தங்கள் செய்வதற்கு மிகவும் விரும்பப்படும் வடிவம்’ என்று இலக்கணம் சொல்கிறது. நிரலுக்கு அது உரைக் கோப்பு. ஓவியத்துக்கு அது அடுக்குகளும் முகமூடிகளும் திருத்தத்தக்க எழுத்துகளும் கலையாமல் இருக்கும் மூலக் கோப்பு. அந்தக் கோப்பு ஒரே ஒரு நிறுவனத்தின் செயலியில் மட்டுமே திறக்குமென்றால், உரிமம் எவ்வளவு தாராளமானதாக இருந்தாலும், அடுத்தவர் அதைத் திருத்தும் ஆற்றல் அந்த நிறுவனத்தின் விருப்பத்தையே சார்ந்திருக்கும். டெபியன் இயங்குதளத் திட்டம் இதை நெடுங்காலமாகக் கணக்கில் கொண்டிருக்கிறது: தாம் கட்டற்றவையாக இருந்தும், உருவாக்கவோ இயக்கவோ கட்டற்றதல்லாத மென்பொருளை நாடவேண்டியவற்றை அது தன் முதன்மைத் தொகுப்பில் சேர்க்காமல் ‘காண்ட்ரிப்’ என்ற தனிப்பகுதியில் வைக்கிறது.

இந்த வாதத்தின் உண்மையைத் தமிழ்ப் பதிப்புலகம் அளவுக்கு அனுபவித்து அறிந்தவர் அரியர். 1990-களிலும் அதற்குப் பின்னும் தமிழ் நூல்களும் சிற்றிதழ்களும் பெருமளவில் பேஜ்மேக்கர் என்னும் தனியுரிமைப் பக்க வடிவமைப்புச் செயலியில் உருவாக்கப்பட்டன. அச்செயலிக்கு யூனிகோடு முறையில் தமிழைக் கையாளத் தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் பயன்பட்டன. எழுத்துரு விற்ற ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியாக்கத்தை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற தனித்தனி அட்டவணையை, வைத்திருந்தது. பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. அக்கோப்புகளைத் திறந்துகொண்டிருந்த அடோபியின் இன்டிசைனும் சி.எஸ்.6-க்குப் பிறகு அந்த வசதியைக் கைவிட்டது. விளைவாக, நூலின் அச்சுப்படி அலமாரியில் இருந்தும், பதிப்பாளரின் வட்டில் கோப்பு இருந்தும், மறுபதிப்புக்கு முழுநூலையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டிய நிலை பல பதிப்பகங்களுக்கு வந்தது. உரைநடை நூலுக்கே இந்த நிலை என்றால், பக்க அலங்காரமும் கோட்டோவியமும் தலைப்பு வடிவங்களும் சேர்ந்த இதழ்ப் பக்கங்களின் இழப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அக்கோப்புகளைத் திறக்கும் வழியைப் பின்னாளில் தந்தது அவற்றை உருவாக்கிய நிறுவனமன்று, கட்டற்ற மென்பொருள் உலகமே: 2015-இல் வெளிவந்த லிப்ரெஆபிஸ் 4.4 பேஜ்மேக்கர் கோப்புகளை இறக்குமதி செய்யக் கற்றது. பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும் பகுதி ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகத்தில் உள்ளது.

பிற்கால நிகழ்ச்சிகளும் இதே பக்கமே சாட்சி சொல்கின்றன. அடோபி நிறுவனம் 2013-இல் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் முறையைக் கைவிட்டு, மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் முறைக்குத் தன் வரைகலைச் செயலிகளை மாற்றியது. 2019-இல் அமெரிக்க அரசின் ஆணையை ஏற்று வெனிசுவேலா நாட்டினரின் கணக்குகளை முடக்கப்போவதாக அறிவித்து, பின்னர் அமெரிக்க அரசிடம் தனி அனுமதி பெற்றே சேவையைத் தொடர்ந்தது. 2022-இல் பான்டோன் நிறுவனத்துடனான ஏற்பாடு மாறியபோது, அந்நிறுவனத்தின் வண்ணங்களைப் பயன்படுத்திய பழைய கோப்புகள் ஃபோட்டோஷாப்பில் கறுப்பாகத் தெரியலாயின. ஓவியர் தம் கையால் வரைந்த படத்தின் நிறம், அவர் பங்கேற்காத ஓர் ஒப்பந்தத்தால் மாறியது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்பும், ‘கட்டற்ற கருவியால் செய்யாத எதுவும் வேண்டாம்’ என்ற முடிவுக்கு வருவதை இவ்வியக்கத்தின் சொந்த வரலாறே தடுக்கிறது. 1983-இல் அறிவிக்கப்பட்ட குனு திட்டத்தின் தொடக்கப் பணிகள் தனியுரிமை யூனிக்ஸ் கணினிகளில்தான் நடந்தன. யூனிக்சுக்கு மாற்றை உருவாக்குவதற்காக யூனிக்சைப் பயன்படுத்துவது தகும் என்று அத்திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் அதற்கு நியாயம் கூறினார். லினக்சின் அடையாளமான ‘டக்ஸ்’ பெங்குவினை லாரி யூயிங் 1996-இல் ஜிம்ப் என்னும் கட்டற்ற படத்திருத்தியில் வரைந்தார் என்பது பெருமையோடு நினைவுகூரப்படுகிறது. ஆனால் அக்காலத்து ஜிம்ப் 0.54, ‘மோட்டிப்’ என்ற தனியுரிமைக் கருவித்தொகுப்பின் மேல் கட்டப்பட்டிருந்தது. பொத்தான்களையும் சாளரங்களையும் வரைந்து தரும் அந்தத் தொகுப்பின் தளையிலிருந்து விடுபடவே ஜிம்பின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் மேட்டிஸ் ‘ஜி.டி.கே.’ என்னும் கட்டற்ற தொகுப்பை எழுதினார். பின்னாளில் குனோம் பணிச்சூழல் முழுவதும் அதன்மேல் எழுந்தது. லினக்ஸ் கருநிரலின் வளர்ச்சி 2002 முதல் 2005 வரை நிரல் மாற்றங்களைப் பதிந்து நிர்வகிக்கும் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியை நம்பியிருந்ததும், அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டபோது லினக்சை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாகக் ‘கிட்’ கருவியை எழுதியதும் நன்கு அறியப்பட்டவை. இந்நிகழ்ச்சிகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன: தனியுரிமைக் கருவியைச் சார்ந்திருத்தல் ஒருநாள் இடறும் என்பதும் இவற்றில் உண்டு, அச்சார்பு இருந்த காலத்தில் உருவானவை அதனால் கட்டற்றவை அல்லாமல் போய்விடவில்லை என்பதும் உண்டு.

தமிழில் இதற்கு இணையான சான்று, கட்டற்ற இணைய நூலகமான விக்கிமூலத் திட்டம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களின் மின்வருடல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகக் கிடைத்தபோது, அப்பக்கப் படங்களை எழுத்துகளாக மாற்ற ஒளிவழி எழுத்துணரி தேவைப்பட்டது. படத்திலுள்ள எழுத்து வடிவங்களை அடையாளம் கண்டு தட்டச்சு உரையாக்கும் மென்பொருளுக்கு அப்பெயர். டெசராக்ட் என்னும் கட்டற்ற எழுத்துணரி அன்றைக்குத் தமிழில் போதிய துல்லியம் தரவில்லை. கூகுளின் சேவை தந்தது. கணியம் ஆசிரியர் த. சீனிவாசன் எழுதிய கட்டற்ற நிரல் ஒன்று, பக்கங்களைக் கூகுள் டிரைவுக்கு அனுப்பி, கிடைத்த உரையைத் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றியது. அவ்வகையில் 2,000-க்கும் மேற்பட்ட நூல்கள் மெய்ப்புப் பார்ப்பதற்குரிய உரையாக வந்து சேர்ந்தன. அந்த உரையை இன்று எவரும் கூகுளின் உதவியின்றிப் படிக்கலாம், திருத்தலாம், அச்சிடலாம். டெசராக்ட் தமிழில் தேறும்வரை காத்திருப்பதே கொள்கைக்கு உகந்தது என்று அன்று முடிவெடுத்திருந்தால் இழப்பு தமிழுக்கே நேர்ந்திருக்கும்.

எழுத்துணரியின் விளைபொருள் வெறும் உரை என்பதால் கருவியின் தளை அதில் ஒட்டிக்கொள்ளவில்லை. ஓவியத்திலும் எழுத்துருவிலும் அவ்வளவு எளிதாக அது கழன்றுவிடுவதில்லை. தமிழ் எழுத்துருக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ப்ரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், கவிவனார், சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்புக்காக கே.எச். ஹுசைன் வடிவமைத்த மீரா இனிமை ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பின் வழியாகக் கட்டற்ற எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. 2007-இல் 1.1 பதிப்பாக வெளிவந்த அவ்வுரிமம் எழுத்துருவைத் திருத்தவும் பகிரவும் இடம் தந்தாலும், அதன் மூலக் கோப்பை வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. எழுத்துரு வடிவமைப்பாளர் பலர் பயன்படுத்துவது மேக் கணினியில் மட்டும் இயங்கும் ‘கிளிஃப்ஸ்’ என்ற தனியுரிமைச் செயலி. அது உண்டாக்கும் கோப்பு உரை வடிவில் அமைந்திருப்பதால், அதைப் படிக்கும் கட்டற்ற நிரலகம் எழுதப்பட்டது. அதன் துணைகொண்டு ‘ஃபாண்ட்மேக்’ என்ற கட்டற்ற கருவி, மேக் கணினியே இல்லாத ஒருவரும் மூலக் கோப்பிலிருந்து எழுத்துருவை மீண்டும் உருவாக்க வழி செய்கிறது. வடிவமைப்பாளர் எந்தச் செயலியில் வளைவுகளை இழுத்தார் என்பது இங்கே முக்கியத்துவம் இழக்கிறது. மூலக் கோப்பை அவர் கொடுத்தாரா, அது கட்டற்ற கருவியால் உயிர்பெறுகிறதா என்பவையே எஞ்சுகின்றன.

இந்தப் பகுப்பு புதியதன்று. 2000-இல் வெளிவந்த குனு கட்டற்ற ஆவண உரிமம், ‘ஒளிபுகு’ படி, ‘ஒளிபுகா’ படி என்ற பாகுபாட்டைச் செய்து, பொதுவில் கிடைக்கும் ஓவியச் செயலியாலோ வரைவுச் செயலியாலோ திருத்தத்தக்க வடிவத்தை முதல்வகையிலும், தனியுரிமைச் செயலிகளால் மட்டுமே படித்துத் திருத்தத்தக்க வடிவத்தை இரண்டாம் வகையிலும் சேர்த்தது. இயக்கத்தின் கண்டிப்பான பிரிவினர் எழுதிய உரிமமே கோப்பின் வடிவத்தை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கிறதே ஒழிய, அதைப் படைத்தவரின் கணினியைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. அதுவே சரியான இடம் என்று கொள்ளத் தகும். ஏனெனில், கட்டற்ற கருவியைப் பயன்படுத்துவதால் மட்டும் படைப்பு கட்டற்றதாகிவிடாது. கிரிட்டா என்னும் கட்டற்ற ஓவியச் செயலியில் நாற்பது அடுக்குகளாக வரைந்துவிட்டு, அடுக்குகளைக் கலைத்த ஒற்றைப் படத்தை மட்டும் கொடுப்பவர், ஃபோட்டோஷாப்பில் வரைந்து அதை ஜிம்பில் திறக்கும் அடுக்குக் கோப்பாகவும் சேர்த்துத் தருபவரைவிடக் குறைவான விடுதலையையே அடுத்தவருக்குக் கொடுக்கிறார். எல்லாப் படத்துக்கும் அடுக்குக் கோப்பு தேவை என்பதும் இல்லை: ‘வெஸ்னோத்துக்கான போர்’ என்னும் கட்டற்ற விளையாட்டில் உள்ளதுபோலப் புள்ளி புள்ளியாக வரைந்த சிறு உருவங்களுக்குப் பி.என்.ஜி. கோப்பே மூலமாகவும் இருந்துவிடலாம்.

ஆனாலும், கோப்பைக் கேட்டால் போதும், கருவியைப் பற்றிய கவலையே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. ஃபோட்டோஷாப் கோப்பை ஜிம்பும் கிரிட்டாவும் திறக்கும் என்றாலும், அச்செயலிக்கே உரிய சில அடுக்கு வகைகள் வழியில் சிதைந்துபோகின்றன. அதைவிடப் பெரிய காரணம், ஓவியர் பயன்படுத்தாத ஓவியக் கருவி வளர்வதில்லை என்பது. பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவாய், பிளெண்டர் என்னும் கட்டற்ற முப்பரிமாணச் செயலியை உருவாக்கும் அமைப்பு 2010-இல் வெளியிட்ட ‘சின்டெல்’ குறும்படத்தின் கலை இயக்குநராகப் பணியாற்றியவர். 2014 முதல் ‘பெப்பர் அண்ட் கேரட்’ படக்கதையைக் கட்டற்ற கருவிகளால் மட்டுமே வரைந்து, கிரிட்டா மூலக் கோப்புகளோடு வெளியிட்டு வருகிறார். அவர் உருவாக்கிய தூரிகை அமைப்புகள் கிரிட்டாவுடன் சேர்த்தே வழங்கப்பட்டன. அவரைப் போன்றோர் நாள்தோறும் வரைந்து, குறை சொல்லி, திருத்தம் கேட்டதால்தான் அது தொழில்முறை ஓவியர் நம்பத்தக்க கருவியாயிற்று.

தமிழுக்கு இது மேலும் பொருந்தும். 2004-இல் வந்த ஜிம்ப் 2.0, பாங்கோ என்ற எழுத்தமைப்பு நிரலகத்தைப் பயன்படுத்தியதால் யூனிகோடு தமிழைக் கொம்பும் காலும் இடம் மாறாமல் காட்டியது. அடோபியின் செயலிகளில் இந்திய எழுத்துகளுக்கான ஆதரவு அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பக்க வடிவமைப்பில் நிலைமை நேர்மாறாக இருந்தது. ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற பக்க வடிவமைப்புச் செயலிக்கு, இந்திய எழுத்துகளையும் அரபு எழுத்துகளையும் சரியாக அமைக்கும் ஆற்றல் 2017-இல் வெளிவந்த 1.5.3 பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு உழைத்தவர்களில் ஓமன் நாட்டினர் முன்னின்றனர். அதன் பயனைப் பெரிய அளவில் முதலில் அறுவடை செய்தது கேரளம்: ‘ஜனயுகம்’ மலையாள நாளிதழ் 2019-இல் தன் பக்க வடிவமைப்பு, படத்திருத்தம் அனைத்தையும் ஸ்கிரைபஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா போன்ற கட்டற்ற கருவிகளுக்கு மாற்றியது. நாள்தோறும் நேரக்கெடுவுக்குள் வெளியாக வேண்டிய செய்தித்தாளால் இது முடிந்திருக்கிறது என்னும்போது, மாதம் ஒருமுறை வரும் தமிழ்ச் சிற்றிதழால் முடியாது என்பதற்குக் காரணம் காட்டுவது கடினம்.

தென்சென்னைப் புறநகரின் நிலைமையில் மறைக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. இங்குள்ள இளம் வடிவமைப்பாளருக்குக் கட்டற்ற கருவிக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் கட்டணம் செலுத்திய ஃபோட்டோஷாப் அன்று. பூட்டு உடைக்கப்பட்ட படி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமமற்ற படி என்று அறிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயமின்றிப் பயன்படுத்தியிருந்தால் சிறைத்தண்டனையைத் தவிர்த்து ரூ.50,000 வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. உடைக்கப்பட்ட செயலியில் வரைந்த படத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்கே உரியது. அவர் அதைக் கட்டற்ற உரிமத்தில் தருவதும் செல்லும். எனினும் மாதக் கட்டணம் கட்ட வழியில்லாத இளைஞரைச் சட்டத்தின் தவறான பக்கத்தில் நிறுத்திவைக்கும் பயிற்சி முறை நேர்மையானதன்று. கட்டற்ற கருவியை அவருக்கு அறிமுகப்படுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை; ஆனால் அறிமுகப்படுத்துவது வேறு, அதைக் கற்றுத் தேறும்வரை அவர் பங்களிப்பை மறுப்பது வேறு.

மறைமலை நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்து தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கியவர். தூய்மையைக் கொள்கையாக வரித்துக்கொண்ட அவருடைய நூலகத்தில் ஆங்கில நூல்கள் ஏராளமாக இருந்தன. ஆங்கிலத்தில் அவர் எழுதியும் இருக்கிறார். படிப்பவர் கைக்குச் சேரும் தமிழ் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு, அத்தமிழை எழுதும் அறிவை எங்கிருந்து பெறலாம் என்பதற்கு எல்லை கட்டவில்லை. கட்டற்ற மென்பொருளுக்கு வரைபவரிடமும் கண்டிப்பு காட்ட வேண்டியது அடுத்தவர் கைக்குச் சேரும் கோப்பில்தான்.

தனிமனிதரிடம் கேட்பதும் நிறுவனத்திடம் கேட்பதும் ஒன்றாக இருக்க முடியாது. ஓய்வு நேரத்தில் ஒரு சின்னம் வரைந்து தருபவரிடம் எவரும் அவருடைய செயலியின் பெயரைக் கேட்க உரிமையில்லை. பொதுப் பணத்தில் இயங்கும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும், நூலை மக்களுக்காக வெளியிடும் அரசு அமைப்புகளும் அந்தச் சலுகையைக் கோர முடியாது; அவை ஒரு தலைமுறைக்கு எந்தக் கருவியைப் பழக்குகின்றனவோ அதுவே அத்தலைமுறையின் தொழிலாகிவிடுகிறது. விலையில்லா மடிக்கணினியில் லினக்சை நிறுவிக் கொடுத்துவிட்டு, அதில் வரைவதற்குக் கற்றுக்கொடுக்க ஆசிரியரை அமர்த்தாமல் விட்டதால், மாணவர் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. கருவியைக் கொடுப்பதற்கும் கலையைக் கற்பிப்பதற்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியைப் பயனர் குழுக்களின் வார இறுதிப் பயிலரங்குகளால் மட்டும் நிரப்ப முடியாது. தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரையுள்ள அரசுப் பள்ளிகளிலும் கலை, பொறியியல் கல்லூரிகளிலும் ஜிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா ஆகியவை தமிழ்வழியில், தமிழ் எழுத்துகளை வைத்தே கற்பிக்கப்பட வேண்டும். கட்டற்ற திட்டங்களை நடத்துவோர், பங்களிப்பாளருக்கான தம் விதிகளில் கருவியைப் பற்றிய வரி இருந்தால் அதை நீக்கிவிட்டு, கட்டற்ற செயலியில் திறந்து சோதிக்கப்பட்ட மூலக் கோப்பைப் படத்துடன் சேர்த்துக் கேட்கும் வரியை அங்கே எழுதட்டும்.